உள்ளடுக்கில் ஒரு கோடிச்சேலை

துடியலூரில் பழைய சேலையில் போர்வை தைக்கிறவர் யார் என்று எவரைக் கேட்டாலும் முத்தாத்தாளைத்தான் கைகாட்டுவார்கள். கிழிந்தது, சாயம் போனது, மஞ்சள் கறை பிடித்தது, எலி கடித்தது, எதைக் கொண்டுபோய்க் கொடுத்தாலும் அவள் முகம் சுளிக்கமாட்டாள். அடியில் ஒரு சேலை, மேலே ஒரு சேலை, நடுவில் இரண்டு மூன்று அடுக்கு, இடையிடையே திருப்பூர்ப் பனியன் துண்டுகள். பரப்பிவிட்டு ஒரு முனையில் உட்கார்ந்தாளானால் மறுமுனை வரும்வரை ஊசி நிற்காது. ஒரிசாவில் புயல் அடித்த வருஷம் இங்கிருந்து லாரியில் போன போர்வைகளில் பாதி அவள் கைபட்டவை.

ஆனால் புதுத்துணி என்றால் மட்டும் ஆகாது. ஒரிசாவுக்குத் தைக்கும்போது மில்காரர் வீட்டு வரலட்சுமி ஒரு புதுக் காடாத்துணிச் சுருளையே கொண்டுவந்து, "உள்ளே வெச்சுத் தெச்சா திடமா இருக்குமல்லங்க முத்தாத்தா" என்றாள். முத்தாத்தாள் புறங்கையால் அந்தச் சுருளைத் தள்ளிவிட்டாள். "புதுசு உள்ள போகாதுங்க. கஞ்சி ஊசியை முறிச்சுப்போடும்."

கஞ்சியாம், ஊசியாம்! நல்ல கதை. வெந்நீரில் ஒரு தரம் முக்கி எடுத்தால் எந்தக் கஞ்சி நிற்கும்? காரணம் வேறு. அதைச் சொல்ல வேண்டுமானால் சிறுமுகைப் பக்கம் பவானிக் கரையில் அவள் குடும்பம் நடத்திய காலத்திலிருந்து தொடங்க வேண்டும்.

ஆற்றை ஒட்டி வாழைத்தோட்டம், ஒரு கிணறு, ஆற்றோரம் ஒரு மோட்டார் அறை. பிள்ளை இல்லை. அதைக் குத்திக்காட்டாத புருஷன் வாய்த்தார். அவர் பேர்? பொறுங்கள். முத்தாத்தாளே சொல்லாத பேரை நாம் முந்திக்கொண்டு சொல்வது முறையல்ல, அவள் வாயில் வரும்போது வரட்டும். புருஷன் பேரைச் சொன்னால் அவர் ஆயுசு குறையும் என்று அவள் மாமியார் சொல்லிவைத்திருந்தாள். அதே பேரில் ஒன்றுவிட்ட கொழுந்தனார் ஒருவர் இருந்தார். அவரை "வடக்காலத் தோட்டத்துக்காரர்" என்றே சொல்லிக் காலத்தை ஓட்டினாள். ரேஷன் கடையில் "ஊட்டுக்காரர் பேரென்னம்மா?" என்று கேட்டால் பக்கத்தில் நிற்பவளின் இடுப்பில் இடிப்பாள், அவள் சொல்லுவாள். வீட்டில் அவரைக் கூப்பிட ஒரே சொல்தான். "ஏனுங்க."

ஓர் ஐப்பசியில் மலையில் கொட்டிய மழைக்குப் பவானி கரை புரண்டது. மோட்டாரைக் கழற்றி மேலே ஏற்றிவிட்டு வருகிறேன் என்று பொழுது சாய்கிற நேரத்தில் போனார். ஆளைக் காணோமே என்று போய்ப் பார்த்தால் மோட்டார் அறையே போய்விட்டிருந்தது. கரையில் ஒரு புங்கமரக் கிளையில் அவர் துண்டு மட்டும் சிக்கியிருந்தது.

ஊரே கரைக்கு ஓடிவந்து அவர் பேரைச் சொல்லிக் கூவியது. முத்தாத்தாளும்தான் தொண்டை கிழியக் கூவினாள். என்ன கூவினாள்? "ஏனுங்க... ஏனுங்க..." கொங்குநாட்டில் ஏனுங்க என்றால் யார்தான் திரும்பமாட்டார்கள்? கரையில் நின்ற ஆம்பளைகள் ஒவ்வொருவராகத் திரும்பி, "என்னங்கம்மணி? என்னங்கம்மணி?" என்று ஓடிவந்தார்கள். திரும்ப வேண்டியவர் திரும்பவில்லை.

உடம்பு கிடைக்கவே இல்லை. சத்தியமங்கலம் வரைக்கும் ஆள் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்கள். மாதங்கள் போயின. "பொணம் கெடைக்காட்டி என்னுங்க, ஆத்துமா அலையக்கூடாதில்ல" என்று சொந்தபந்தம், ஒறம்பரைகள் கூடிப் பேசி முடிவெடுத்தார்கள். வைக்கோலில் ஓர் உருவம் கட்டிக் கொள்ளி வைத்தார்கள். பிறந்தவீட்டுக் கோடி என்று அவள் அண்ணன் செங்கோடன் புத்தம்புது வெள்ளைச்சேலையைக் கொண்டுவந்து அவள் தலைமேல் போர்த்தினார். அத்தோடு அவள் விதவை. வைக்கோலுக்கு விதவை!

அண்ணன் அவளைத் துடியலூருக்கே அழைத்து வந்து, தன் வீட்டை ஒட்டினாற்போல் ஓர் அறையும் அடுப்படியும் கொடுத்தார். தங்கமான மனிதர், குறை சொல்ல வாயில்லை. முத்தாத்தாள் மறு பேச்சுப் பேசாமல் வெள்ளை உடுத்தினாள். பொட்டு வைப்பதில்லை, விசேஷங்களில் முன்னால் நிற்பதில்லை. ஆனாலும் பேரை மட்டும் சொல்லவில்லை. வெள்ளை கட்டியது ஊருக்காக. பேர் சொல்லாமல் இருந்தது அவருக்காக. எந்த ஊரிலாவது, எந்தக் கரையிலாவது அவர் ஒதுங்கியிருந்தால், தான் வாய்தவறிச் சொல்லி அந்த உயிரைக் கெடுத்துவிடக் கூடாது. பைத்தியக்காரத்தனம் என்கிறீர்களா? சொல்லிக்கொள்ளுங்கள். அவளுக்கு அது ஒன்றுதான் பிடி.

அந்தக் கோடிச்சேலையை அவள் ஒரு நாள்கூட உடுத்தவில்லை. வேறு வெள்ளைச்சேலைகளைக் கட்டிக்கொண்டு, அதை மட்டும் தகரப்பெட்டியின் அடியில் போட்டுவைத்தாள். கோடியை எறியவும் கூடாது, கைமாற்றவும் கூடாது. கைமாறினால் வாங்கினவள் தாலிக்கு ஆகாது என்பதும் மாமியார் சொன்னதுதான். அது பெட்டிக்குள் சும்மா இருந்ததா என்றால், இல்லை. மழை பெய்கிற நாளில் பெட்டியைத் திறந்தால் ஆற்றுச் சேற்றின் வாடை வரும். கைவிட்டுத் தொட்டால் மற்றச் சேலைகள் காய்ந்திருக்கும், இது மட்டும் சில்லென்று இருக்கும். வீட்டுக்குப் பின்னால் பொடக்காளியில் நல்ல வெயிலில் விரித்துப்போட்டு, மொறமொறவென்று மடித்து உள்ளே வைப்பாள். மறுநாள் தொட்டால் அதே ஈரம். அண்ணன் பெண்டாட்டியைக் கூப்பிட்டுத் தொட்டுப்பார்க்கச் சொன்னாள். "நல்லாக் காஞ்சுதானுங்க இருக்குது" என்றாள் அவள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அரண்டவளுக்குத்தானே அது தெரியும்.

லாத்தூரில் பூகம்பம் வந்த வருஷம், தொண்ணூற்று மூன்று, வரலட்சுமி தன் வீட்டு மில்லின் பஞ்சுக் குடோனைக் காலி பண்ணிப் பாய் விரித்தாள். வீடுவீடாகப் பழைய சேலை வாங்கி, அக்கம்பக்கத்துப் பெண்களை உட்காரவைத்துப் போர்வை தைக்கச் சொன்னாள். முத்தாத்தாள் போனாள். பக்கத்துவீட்டு ரங்கம்மாளும் வந்தாள். அவளுக்குக் கை ஒரு பங்கு வேலை செய்தால் வாய் மூன்று பங்கு செய்யும். லாத்தூர்ச் சுமை போய்ச் சேர்ந்து மூச்சு விடுவதற்குள் இங்கேயே மழை பிடித்துக்கொண்டது. குன்னூர்ப் பாதையில் மலை சரிந்து, வீடும் கடையும் ரோடும் மண்ணுக்குள் போயின. நம் கண்ணுக்கு எதிரே தெரிகிற மலை! குடோனில் மறுபடி பாய் விரித்தார்கள்.

துணி குறைந்துபோயிற்று. அவரவர் வீட்டில் இருப்பதைக் கொண்டுவாருங்கள் என்றாள் வரலட்சுமி. முத்தாத்தாள் பெட்டியைத் திறந்தாள். அடியில் அது சில்லென்று கிடந்தது. ஒரு நிமிஷம்தான் யோசித்தாள். உள்ளடுக்கில் வைத்துத் தைத்துவிட்டால் யார் கண்ணுக்குத் தெரியப்போகிறது? மலைமேல் எவனோ ஒரு கிழவன் போர்த்திக்கொண்டு படுக்கட்டும். என்னை விட்டால் போதும்.

மாம்பழ மஞ்சள் சேலை மேலே, பச்சைக் கட்டம் அடியில், நடுவில் அது. ஊசி இறங்க மறுத்தது. இரண்டு ஊசி முறிந்தன. "ஏனுங்கம்மணி, உள்ள என்ன தகரத்தையா வெச்சுத் தெக்கறே?" என்றாள் ரங்கம்மாள்.

"கொஞ்சம் கனமா இருக்கட்டுமுன்னு."

"கனமா இருக்கோணுமுன்னா உன்ற வாயைத் தொறந்து நாலு வார்த்தை பேசு. மூணு வருஷமா மூடி வெச்சிருக்கறே, அதைவிடக் கனம் ஏது?" எல்லோரும் சிரித்தார்கள். முத்தாத்தாளும் சிரித்தாள். அன்றைக்குப் பெட்டியைத் திறந்தபோது வாடை இல்லை. அவள் நிம்மதியாகச் சாப்பிட்டாள்.

அந்த நிம்மதி சுமை போய்த் திரும்புகிறவரைதான். போர்வைகளோடு மலைக்குப் போய்வந்த வரலட்சுமி குடோனில் உட்கார்ந்து, பார்த்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். "டீக்கடை வெச்சிருந்த பாய் வீட்டுப் புள்ளைங்க ஒண்ணு. கலியாணமாகி வருஷம் ரெண்டு ஆகலை. புருஷன் கடையோட மண்ணுக்குள்ள போயிட்டான், இன்னும் கெடைக்கலை. அந்த எடத்தை உட்டு நகரமாட்டேங்கறா. நம்ம மாம்பழ மஞ்சப் போர்வையைத்தான் போத்தீட்டு மழையில உக்காந்திருக்கறா. பாவமுங்க, கெடைச்சிருவான், உசுரோட இருப்பான்னு நம்பீட்டிருக்கறா."

மாம்பழ மஞ்சள் ஒன்றுதான் இருந்தது. முத்தாத்தாளின் கையிலிருந்து ஊசி விழுந்ததை யாரும் கவனிக்கவில்லை.

வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொள்கிறவர்களை நாம் பார்த்திருக்கிறோம். இவள் தன் மடியில் இருந்ததை எடுத்து ஒரு சின்னப் பெண்ணின் மடியில் விட்டுவிட்டாள். அந்தப் பையன் ஒருவேளை இன்னும் உயிரோடு, ஒரு கட்டைக்கு அடியில், கொஞ்சம் காற்றோடு கிடந்தால்? கோடி அவன் பெண்டாட்டி தோளில் இருக்கும்வரை அவன் எப்படி வெளியே வருவான்? அதைத் திரும்ப வாங்க வேண்டும். இன்றைக்கே. அவன் போவதற்குள். அவள் புத்தியில் வேறெதுவும் இல்லை.

புதிதாய் முடித்த போர்வை ஒன்றைச் சாக்கில் சுருட்டிக்கொண்டு, அண்ணனிடம் "சித்த மேட்டுப்பாளையம் போயிட்டு வாரேனுங்க" என்று சொல்லிப் பஸ் ஏறினாள். கல்லாறோடு பஸ் நின்றுவிட்டது. அதற்குமேல் ரோடு இல்லை. அரிசி மூட்டை சுமந்துபோகிறவர்கள் பின்னாலேயே ரயில் தண்டவாளத்தின்மேல் நடந்தாள். பாறையெல்லாம் ஒழுகியது. மலையிலிருந்து வந்த வாடை அவளுக்குத் தெரிந்த வாடை. பெட்டியைத் திறந்தால் வரும் அதே ஆற்றுச் சேறு. அவள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஏறினாள்.

பாதையோரத்தில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். வீடிழந்தவர்கள் அதில் தங்கியிருந்தார்கள். அதைத் தாண்டினால் மலை அப்படியே வழித்து விடப்பட்டிருந்தது. சிவப்புச் சேற்றில் ஆட்கள் மண்வெட்டியோடு நின்றார்கள். எதிரே ஒரு பாறைமேல் மாம்பழ மஞ்சள் தெரிந்தது.

கிட்டே போவதற்குள் அந்தப் பெண் சேற்றைப் பார்த்துக் கூவினாள். "நாசரு... ஓ நாசரு..."

முத்தாத்தாளுக்குத் தூக்கிவாரிப்போட்டது. கட்டின புருஷன் பேரை இப்படியா தெருவில் போட்டுக் கூவுவாள் ஒருத்தி! அந்தப் பெண்ணுக்குக் குரல் கட்டிப்போய்ச் சொல் பாதிதான் வந்தது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்பாள், மறுபடியும் கூவுவாள்.

"கண்ணு" என்றாள் முத்தாத்தாள். "நான் துடியலூர்ல இருந்து வாரேன். இந்தப் போர்வை தெச்சவ. தையல் சரியில்லாமப் போச்சு. மாத்திக் குடுக்கலாமுன்னு வேற கொண்டாந்திருக்கறேன்."

அவள் பேர் உம்மல் குல்சும். போர்வையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "தையல் நல்லாத்தான இருக்குதுங்கக்கா? மழையில கூடப் பிரியலையே."

"இல்ல கண்ணு, குடுத்துரு."

"வேண்டாங்கக்கா. இதுதான் குளுருக்கு அடங்குது. அதை வேற யாருக்காச்சும் குடுங்க."

முத்தாத்தாள் ஒரு நுனியைப் பிடித்து இழுத்தே விட்டாள். குல்சும் மறு நுனியை விடவில்லை. ஒரு போர்வைக்கு இரண்டு பொம்பளைகள் அந்தச் சேற்றில் ஓரியாட்டம் போட்டார்கள் என்றால் யார் நம்புவார்கள்? கடைசியில் முத்தாத்தாள் பாறையிலேயே உட்கார்ந்து உடைந்துபோனாள். புருஷன் ஆற்றோடு போனதையும், உள்ளே இருப்பது என்ன துணி என்பதையும் சொன்னாள். தான் அதை ஏன் தள்ளிவிட நினைத்தாள் என்பதையும் சொன்னாள். "உன்ற தாலிக்கு ஆகாது சாமி. எடுத்துப்போடறேன், உட்டுரு. அந்தப் பையன் வந்துருவான்."

குல்சும் அவளையே பார்த்தாள். கோபப்படுவாள், காறித்துப்புவாள் என்று முத்தாத்தாள் காத்திருந்தாள்.

"எங்கள்ல அதெல்லாம் இல்லைங்கக்கா" என்றாள் குல்சும். "வெள்ளைத்துணி என்ன பண்ணும் பாவம்." சொல்லிவிட்டு மறுபடியும் சேற்றைப் பார்த்துக் கூவினாள். "நாசரு..."

அந்தக் கூவல் முடிவதற்குள் கீழே ஒரு மண்வெட்டி நின்றது. ஒருவர் கையைத் தூக்கினார். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடினார்கள். குல்சும் கூவிய இடத்துக்கு நேர் கீழே, டீக்கடையின் தகரக் கூரைக்கு அடியில் அவன் கிடந்தான். மாமனார், தாடியில் மண் ஒட்டியிருந்த கிழவர், குனிந்து முகத்தைத் துடைத்துப் பார்த்தார். பிறகு மருமகளைத் திரும்பிப் பார்த்தார். தோள் துண்டை எடுத்து மகன் முகத்தை மூடினார்.

நான் கொன்றுவிட்டேன் என்று முத்தாத்தாள் நினைத்தாள். ஐயோ, ஒரு நாள் முன்னால் வந்திருக்கக் கூடாதா, நான் கொன்றுவிட்டேனே. அவன் அந்த முதல் நாளே, டீ ஆற்றிக்கொண்டிருந்தபோதே போய்ச் சேர்ந்தவன் என்று ஆயிரம் பேர் சொன்னாலும் அவள் மனசு அன்றைக்குக் கேட்டிருக்காது.

நாசரின் உடம்பு இனியும் தாங்குகிற நிலையில் இல்லை. உடனே அடக்கம் செய்தாக வேண்டும். தண்ணீர் ஊற்றிக் கழுவினார்கள். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து மேட்டில் குழி தோண்டினார்கள். உடம்பைச் சுற்றக் கஃபன் துணி இல்லை. தைக்காத வெள்ளைத்துணி வேண்டும். முகாமில் கொடுத்த வேட்டி, போர்வையெல்லாம் கரை போட்டது, கோடு போட்டது, நனைந்து சேறானது. "துணிக்கு ஆளைக் கீழே தாட்டி விட்டா வாங்கீட்டு வாரதுக்குள்ள இருட்டீரும்" என்றார் மாமனார். "மழை வேற வருது. இன்னமும் எம் மகனை வெளிய போட்டு வெக்கறதா?"

குல்சும் முத்தாத்தாளின் பக்கம் திரும்பினாள். "அக்கா. அந்தத் துணி யாராச்சும் உடுத்தினதுங்களா?"

"ஒரு நாள்கூட இல்ல கண்ணு."

"அதைக் குடுங்க."

அப்போதுதான் முத்தாத்தாளுக்கு உறைத்தது. கோடி வேறெதற்கு? செத்தவனுக்குப் போர்த்தத்தானே உறவும் முறையும் கோடி எடுத்து வருகிறது. மூன்று வருஷமாக ஓர் உடம்பு கிடைக்காமல்தானே அது பெட்டியில் கிடந்தது.

சுருக்குப்பையிலிருந்து ஊசியையும் சின்னக் கத்தரியையும் எடுத்தாள். பள்ளிக்கூட வராந்தாவில் போர்வையை விரித்து, இரண்டு பேரும் எதிரெதிரே உட்கார்ந்து தையலைப் பிரித்தார்கள். தைக்கும்போது ஊசியை முறித்த துணி, பிரிக்கும்போது மறுப்பே சொல்லவில்லை. இழுக்க இழுக்க நூல் வந்தது. மேலடுக்கு விலகியது. உள்ளே வெள்ளை. இத்தனை மழையில் நனைந்த போர்வைக்குள்ளே இருந்த துணி. முத்தாத்தாள் பயந்துகொண்டே கையை வைத்தாள். காய்ந்திருந்தது.

அவள் இன்னொரு தரம் தொட்டாள். காய்ந்துதான் இருந்தது. அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

கிழவர் துணியை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நெடுகிலும் ஊசித்துளைகள் வரிசைவரிசையாகத் தெரிந்தன. "தையல் ஏதும் இல்லையேம்மா?"

"பிரிச்சாச்சுங்க. பூராவும் பிரிச்சாச்சு."

ஆண்கள் தூக்கிக்கொண்டு மேட்டுக்குப் போனார்கள். பெண்கள் வராந்தாவிலேயே நின்றார்கள். அங்கிருந்து பார்க்கும்போது சாம்பல் நிற மழையில் அந்த வெள்ளை மட்டும் தெரிந்தது. முத்தாத்தாள் கண் கொட்டாமல் பார்த்தாள். அவர் போகிறார் என்று நினைத்தாள். நாசர் என்று நினைக்கவில்லை. அவர் என்றுதான் நினைத்தாள். கடைசியில் வெள்ளை தாழ்ந்து தாழ்ந்து மறைந்தது.

பக்கத்தில் நின்ற குல்சும் அழுது முடித்திருந்தாள். "உங்க வீட்டுக்காரர் பேர் என்னங்கக்கா?" என்றாள். "துணி அவருக்காக வந்ததுதானுங்களே. துஆக் கேக்கறப்ப அவரையும் சேத்துக்கறேன்."

"எங்கள்ல பேர் சொல்லமாட்டோம் கண்ணு."

"ஆத்துல போனப்பவும் கூப்புடலைங்களா?"

"கூப்பிட்டேன். ஏனுங்க, ஏனுங்கன்னு கூப்பிட்டேன்."

"அது தன்னையத்தான் கூப்புடறீங்கன்னு அவருக்கு எப்படிங்கக்கா தெரியும்?" என்றாள் குல்சும். குத்தலாகக் கேட்கவில்லை, பச்சைப்பிள்ளை கேட்கிற மாதிரிதான் கேட்டாள். "நான் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கூப்பிட்டுத்தான் அவரு எனக்குக் கெடைச்சாரு."

பள்ளிக்கூடத்துக்குக் கீழே ஓர் ஓடை சிவப்பாக இறங்கிக்கொண்டிருந்தது. அது எங்கே போகும் என்று முத்தாத்தாளுக்கு யாரும் சொல்லத் தேவையில்லை. கல்லாறு, அப்புறம் பவானி. அவள் வராந்தாவை விட்டு இறங்கினாள். வழுக்குகிற கல்லில் கால் ஊன்றி ஓடையின் விளிம்புவரை போனாள். உதடு அசைந்தது. முதலில் காற்றுத்தான் வந்தது. பதினாறு வயசில் கழுத்தை நீட்டிய நாளிலிருந்து அந்தப் பேரை அவள் வாய் சொன்னதில்லை. அதன் அளவு அவள் வாய்க்குத் தெரியவில்லை.

"அங்கப்பன்" என்றாள்.

ஓடையின் இரைச்சலில் அவளுக்கே கேட்கவில்லை. மூச்சை நன்றாக இழுத்து, பவானிக் கரையில் அன்று கூவிய அதே தொண்டையில், இந்த முறை ஒரே ஓர் ஆளுக்கு மட்டும் கூவினாள்.

"அங்கப்பா...!"

மேட்டில் மண் தள்ளிக்கொண்டிருந்தவர்கள் தங்கள் வேலையைப் பார்த்தார்கள். அவளுடைய "ஏனுங்க"வுக்கு ஓடிவந்ததுபோல் யாரும் ஓடிவரவில்லை. முத்தாத்தாள் கல்மேல் நின்றபடி, தண்ணீர் போகிற திக்கில் யாராவது திரும்புகிறார்களா என்று பார்த்தாள்.